பரவாயில்லை என்பதை எங்கே போடுவது

பெரியக்கா பிறந்த வீட்டில் மூன்றாவது பிள்ளை, புகுந்த வீட்டில் கடைசி மருமகள். அவரைப் பெரியக்கா என்று கூப்பிட நாற்பத்தேழு வயதுவரை யாருக்கும் காரணம் ஏற்படவில்லை. அந்த வயதில்தான் அவர் தொலைபேசியில் மக்கள் கருத்தைக் கேட்டுப் பதிவுசெய்யும் வேலைக்குச் சேர்ந்தார். அறையில் இருந்த மற்றவர்கள் எல்லாரும் இருபதுகளில் இருந்தார்கள். முதல் நாள் மதியத்துக்குள் பெயர் நிலைத்துவிட்டது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அவருடைய சொந்தப் பெயருக்கு இப்போது வேலையில்லை.

அதற்கு முன்பு குளியலறைச் சாமான் விற்கும் ஒரு பெரிய கடையில் ஃபோன் எடுத்துக்கொண்டிருந்தார். வாஷ்பேசின் விரிசல் விட்டுவிட்டது என்று கத்துபவரிடம் கடைசியில் "ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லவைத்து ஃபோனை வைக்கும் திறமை அவருக்கு இருந்தது. விரிசல் அப்படியேதான் இருக்கும். நாட்டில் பொருளாதாரம் படுத்த முதல் வருஷத்தில் மக்கள் வீடு கட்டுவதை நிறுத்தினார்கள். வீடு கட்டாதவர்களுக்கு வாஷ்பேசின் தேவைப்படவில்லை. கடையை மூடிய அன்று முதலாளி ஊழியர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு குழாயைப் பரிசாகக் கொடுத்தார். அதற்குள் தண்ணீரும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வந்துகொண்டிருந்தது.

கருத்துக் கேட்கும் நிறுவனம், மூடிக்கிடந்த ஒரு மெத்தைக் கடையின் மாடியில் இருந்தது. நீளமான ஒரே அறை. அதைப் பலகைகளால் தடுத்து வரிசையாகக் கூண்டுகள் செய்திருந்தார்கள். ஒருவர் பேசுவது அடுத்தவருக்குக் கேட்கக் கூடாது என்று சுவரெங்கும் முட்டை அட்டைகளை அறைந்திருந்தார்கள். அப்படியும் கேட்டது. ஆளுக்கு ஒரு ஹெட்ஃபோன்; அதன் காதுப் பஞ்சு மட்டும் அவரவர் சொந்தம். பல்துலக்கும் பிரஷ் போல அதை யாரும் யாருக்கும் கடன் கொடுப்பதில்லை.

எண்களை இயந்திரமே சுழற்றும். மறுமுனையில் யாராவது எடுத்தால் கேள்விகள் திரையில் வரிசையாக வரும். சோப்பு, காப்பீடு, பஸ் நேரம் என்று வாரத்துக்கு வாரம் கேள்விகள் மாறும். கடைசிக் கேள்வி மட்டும் மாறாது. அதை ஒரு செய்தித்தாள் விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தது. "நாட்டுத் தலைவரின் செயல்பாட்டை நீங்கள் எப்படி மதிப்பிடுகிறீர்கள்? மிக நன்று, நன்று, மோசம், மிக மோசம்." ஐந்தாவதாக 'கருத்து இல்லை' என்றும் ஒரு பட்டன் உண்டு. அதை வாய்விட்டு வாசிக்கக் கூடாது. அவர்களாகவே சொன்னால் அழுத்திக்கொள்ளலாம்.

முன்பு நடுவில் 'சுமார்' என்று ஒன்று இருந்ததாம். பஸ்ஸில் ஏறியவர்கள் உள்ளே போகாமல் படிக்கட்டருகே நிற்பதுபோல மக்கள் எல்லாரும் அதிலேயே நின்றுவிட்டார்கள். அதை வைத்துத் தலைப்பு எழுத முடியவில்லை என்று செய்தித்தாள்காரர்கள் அதை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். எடுத்த பிறகும் மக்கள் நகரவில்லை. தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே கொண்டுவந்தார்கள். "மிக நன்று, நன்று, மோசம், மிக மோசம்" என்று வாசித்து முடித்ததும், கொஞ்சம் யோசித்து, "பரவாயில்லைங்க" என்றார்கள்.

பரவாயில்லைக்குப் பட்டன் கிடையாது. விதிப்படி ஒருமுறை மறுபடி கேட்கலாம். "நன்றுன்னு போடவா, மோசம்னு போடவா?" என்று கேட்டால், "அதான் சொன்னேனே, பரவாயில்லைன்னு" என்று பதில் வரும். இது தலைமை அலுவலகம்வரை போனது. அங்கிருந்து வந்த சீட்டு ஒவ்வொரு கூண்டிலும் கண்ணுக்கு நேராக ஒட்டப்பட்டது. அதில் ஒரே வரிதான் இருந்தது: பரவாயில்லை = நன்று.

பெரியக்காவுக்கு அந்தச் சீட்டின் மேல் முதலிலிருந்தே ஒரு மனத்தாங்கல் இருந்தது. அவர் கணக்கில் பரவாயில்லை என்பது ஒரு சொல்லே இல்லை, ஒரு குடும்பம். நெரிசலில் காலை மிதித்தவர் மன்னிப்புக் கேட்டால் வருவது ஒன்று. அதற்கு 'வலிக்கிறது, நகருங்கள்' என்று பொருள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரை உடம்பு எப்படி என்று கேட்டால் வருவது இன்னொன்று. ஆறிப்போன டீயைக் கொடுத்துவிட்டுச் சூடுபண்ணித் தரட்டுமா என்று கேட்கிற வீட்டில் வருவது வேறு. பக்கத்து வீட்டுப் பிள்ளை நல்ல மார்க் வாங்கினால் ஓர் ஏகாரத்தைக் கூட்டி 'பரவாயில்லையே' என்பார்கள். அதில் உண்மையான பாராட்டு உண்டு, லேசான வயிற்றெரிச்சலும் உண்டு. இத்தனையையும் ஒரே பட்டனுக்குள் அடைக்கச் சொன்னால் என்ன செய்வது? சம்பளம் வாங்குகிறோம் என்று அவரும் அழுத்திக்கொண்டிருந்தார்.

வாரத்துக்கு வாரம் நிலைமை இறுகிக்கொண்டே வந்தது. வீட்டு நிலைமை எப்படி என்ற கேள்விக்கு ஃபோனில் பெருமூச்சுகள் வந்தன. அச்சகம் வைத்திருந்தவர் அச்சகத்தை விற்றுவிட்டதாகச் சொன்னார். வாடகை குறைந்த வீட்டுக்கு மாறும் ஒரு பெண், மூட்டை கட்டிக்கொண்டே பதில் சொன்னாள். அவர்களே தலைவரைப் பற்றிக் கேட்டதும் குரலை ஒழுங்குசெய்துகொண்டு பரவாயில்லை என்றார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மட்டும் விளக்கம் கொடுத்தார்.

"முப்பத்தஞ்சு மார்க் போடலாம்மா. பாஸ் பண்ணி அனுப்பிடுவோம். ஃபெயிலாக்கினா மறுபடி நம்ம கிளாஸ்லயே வந்து உக்காருவாரு."

அதுவும் சீட்டின்படி நன்று ஆயிற்று.

பெரியக்காவின் வீட்டுக்காரர் பஸ்களுக்குக் கூடு கட்டும் பட்டறையில் சீட் தைப்பவர். ரெக்சின் உறையை நுரைமெத்தைமேல் இழுத்துப் பிடித்து ஆணி அடிப்பதில் அவருக்கு நிகர் அங்கே யாரும் இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். புதுப் பஸ்களுக்கு ஆர்டர் இல்லாததால் பட்டறை வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. மீதி நாட்களில் அவர் வீட்டில் இருந்த நாற்காலிகளையெல்லாம் பிரித்துத் திரும்பத் தைத்தார். ஒரே மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கி நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். ஆக அந்த வீட்டில் ஒரு முழுச் சம்பளம் என்று வந்தது, பெரியக்கா பட்டன் அழுத்துவதற்காக வந்ததுதான்.

ஒருநாள் இருவரும் சாப்பிட உட்கார்ந்தபோது டிவியில் தலைவர் பேசினார். சிக்கனத்தைப் பற்றியும் பொறுமையைப் பற்றியும் பேசிவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கையில் இருந்த தாளைப் பார்த்தார். "நூற்றுக்கு ஐம்பத்தெட்டுப் பேர் நமது நிர்வாகம் நன்றாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கஷ்ட காலத்திலும் மக்கள் காட்டும் திருப்தி என்னை நெகிழச் செய்கிறது" என்றார்.

வீட்டுக்காரர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"யாருடா அந்த அம்பத்தெட்டு பேரு? எங்க பட்டறையில ஒருத்தன் கிடையாது. நான் வர்ற பஸ்ல ஒருத்தன் கிடையாது. ஒரே ஒருத்தனைக் கண்ணுல காட்டச் சொல்லு, போதும்."

"சாப்பிடுங்க, ஆறுது."

"உங்க ஆபீஸ்லதான கேக்கறீங்க. யாரைக் கேக்கறீங்க, அவரு வீட்டு ஆளுங்களையா?"

"மெஷின் யாருக்குப் போடுதோ அவங்களைக் கேக்கறோம்."

"மெஷினுக்கு என்ன தெரியும். அந்த ஆளு நாட்டை ஸ்டெப்னி இல்லாம ஓட்டிட்டு இருக்காரு. பஞ்சரானா நாமதான் இறங்கித் தள்ளணும். தள்ளறதுக்கும் நம்மகிட்டயே டிக்கெட்டு வாங்கறாரு."

இந்த மாதிரி அவர் சாப்பாடு முடியும்வரை பேசினார். தலைவரின் படிப்பு, தலைமுடி, தலைவருடைய மாமனாரின் சொத்து எதுவும் தப்பவில்லை. அவர் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது பெரியக்காவுக்கு என்ன தோன்றியதோ, முதுகை நிமிர்த்திக்கொண்டு அலுவலகக் குரலில் ஆரம்பித்தார்.

"வணக்கம். நாங்கள் ஒரு கருத்துக் கணிப்பு நடத்துகிறோம். இரண்டு நிமிடம் ஒதுக்க முடியுமா?"

"என்ன விளையாட்டு இது?"

"இரண்டு நிமிடம் ஒதுக்க முடியுமா?"

வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். "ஒரு நிமிஷம்" என்று டிவியின் சத்தத்தைக் குறைத்தார். ஃபோனில் எல்லாரும் செய்வதும் இதுதான். பெரியக்கா கேள்வியை வாசித்தார். மிக நன்று, நன்று, மோசம், மிக மோசம். வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

"பரவாயில்லைன்னு போட்டுக்குங்க" என்றார். கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் மனைவியை அவர் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

"இவ்வளவு நேரம் திட்டிட்டு இருந்தீங்களே."

"திட்டறது வேற, கருத்து சொல்றது வேற. கேக்கறவங்க அதை எழுதிக்கறாங்கல்ல? கொஞ்சம் மரியாதையாத்தான் சொல்லணும். நாளைக்கு நேர்ல பாத்தா மூஞ்சியில முழிக்க வேணாமா?"

"யாரை, தலைவரையா?"

"யாரையோ. உனக்கு இதெல்லாம் புரியாது" என்று சொல்லிவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

பெரியக்கா தட்டுகளைக் கழுவினார். மெஷின் இந்த வீட்டுக்குப் போட்டிருந்தால் எந்தப் பட்டன் விழுந்திருக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. யாருடா அந்த ஐம்பத்தெட்டுப் பேர் என்று கேட்ட மனிதர் அந்த ஐம்பத்தெட்டுப் பேரில் ஒருவர்.

மறுநாள் காலையில் ஒரு லாண்டரிக்காரர் பரவாயில்லை என்றபோது, பெரியக்கா முறைப்படி ஒருமுறை மறுபடி கேட்டார். அவரும் முறைப்படி பரவாயில்லை என்றார். பெரியக்கா சீட்டைப் பார்த்தார். பிறகு ஐந்தாவது பட்டனை அழுத்தினார். கருத்து இல்லை. அடுத்த எண் வந்தது. அன்று முழுவதும் அப்படியே செய்தார். மறுநாளும் செய்தார்.

அறையின் மேற்பார்வையாளருக்கு 'சதவீதம்' என்று பெயர். பெரியக்காவின் மகளை விடக் கொஞ்சம் கூடுதலான வயது. எதையும் அளந்துதான் பேசுவார். மத்தியானம் மழை வருமா என்று கேட்டால் முப்பது சதவீதம் என்பார். தனக்குக் காய்ச்சல் எழுபது சதவீதம் சரியாகிவிட்டது என்பார். வாரக் கடைசியில் அவர் ஒரு தாளோடு பெரியக்காவின் கூண்டுக்கு வந்தார்.

"பெரியக்கா, உங்க லைன்ல வர்ற ஜனங்களுக்கு மட்டும் திடீர்னு கருத்தே இல்லாமப் போயிடுச்சா? மத்தவங்களுக்கெல்லாம் அஞ்சு சதவீதம். உங்களுக்கு நாப்பது."

"பரவாயில்லைங்கறாங்க தம்பி. அதை நான் கருத்துல சேக்கலை."

"அதான் சீட்டு ஒட்டியிருக்கே."

"ஒட்டினது நாம. சொன்னது அவங்க. அவங்க நன்றுன்னு சொல்லலையே."

"மோசம்னும் சொல்லலையே அக்கா."

"அதனாலதான் நான் அதையும் போடலை."

சதவீதம் தாளை மடித்துக்கொண்டார். "இது மேல போகாது. தொண்ணூறு சதவீதம் சொல்றேன்" என்றார். திங்கட்கிழமையே மேலே போய்விட்டது. எதிர்பார்க்காத இடத்தில் எண் குறைந்ததால் செய்தித்தாள்காரர்கள் கேட்டிருந்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா தணிக்கைக்கு வருவதாகத் தகவல் வந்தது. ஏற்கெனவே இரண்டு ஊர்களில் அறைகளை மூடி ஆட்களைக் குறைத்திருந்தார்கள். தவறாகப் பதிந்தவர்களை முதலில் அனுப்புவார்கள் என்று அறை முழுக்கத் தெரிந்திருந்தது.

பக்கத்துக் கூண்டுப் பெண் மதியம் டப்பாவைத் திறந்துகொண்டே யோசனை சொன்னாள்.

"அக்கா, கண்ணு சரியாத் தெரியலை, பட்டன் மாறிப்போச்சுன்னு சொல்லிடுங்க. வயசானவங்கன்னு விட்டுடுவாங்க."

"வயசானவன்னு ஆயிட்டா வேலையிலேருந்தும் விட்டுடுவாங்கடி."

"அப்ப அழுதுடுங்க."

"யாருகிட்ட? அந்த அம்மா நம்மளை விட அழுத மூஞ்சியா இருப்பாங்க. ஊர் ஊராப் போய் ஆளைக் குறைக்கறவங்க சந்தோஷமாவா இருப்பாங்க?"

வீட்டில் இதைப் பற்றிப் பெரியக்கா எதுவும் சொல்லவில்லை. சொன்னால் வீட்டுக்காரர் தலைவரைத்தான் திட்டுவார். மகள் ஃபோன் செய்து அடுத்த பருவத்துக்குக் கட்டவேண்டிய பணத்தைப் பற்றிக் கேட்டபோது "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றார். எல்லாம் சரிதானே என்று மகள் கேட்டாள். பரவாயில்லை என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "சரிதான், நீ படி" என்றார்.

தணிக்கை மேடம் ஒரு தோல்பையோடும் ஒரு தும்மலோடும் வந்தார். முட்டை அட்டைகளில் தூசி அதிகம். அழுத மூஞ்சியாக இல்லை, தூங்காத மூஞ்சியாக இருந்தார். சதவீதத்தின் மேஜையில் உட்கார்ந்து, பெரியக்காவை எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னார். பதிவுசெய்த பேச்சுகளைப் போட்டுக் கேட்டார்கள். முதலில் வந்தது கண்ணாடி வெட்டும் கடைக்காரர் ஒருவரின் குரல். நிதானமான, சோர்ந்த குரல். "ம்... பரவாயில்லைங்க."

"இதுக்கு ஏம்மா அஞ்சாவது பட்டன்?" என்று கேட்டார் மேடம்.

"இது காலை மிதிச்சவங்ககிட்ட சொல்ற பரவாயில்லைங்க மேடம். திருப்தியில சொன்னது இல்லை."

மேடம் திரும்பப் போட்டுக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை கேட்டார். "எனக்கும் அப்படித்தான் படுது. தம்பி, உங்களுக்கு?"

"அறுபது சதவீதம் மிதிச்ச மாதிரிதான் இருக்கு மேடம்."

"சரி, நாம எதுக்கு ஜோசியம் பாக்கணும். அவரையே கேட்டுடலாம்."

மேடம் அவருடைய எண்ணை ஸ்பீக்கரில் போட்டார். கடைக்காரரே எடுத்தார். போன வாரம் தலைவரைப் பற்றிப் பரவாயில்லை என்று சொன்னீர்களே, அதற்கு என்ன பொருள் என்று மேடம் கேட்டார்.

"ஏங்க, நான் தப்பா எதுவும் சொல்லிடலையே?"

"இல்லைங்க. நல்லா செய்யறார்னு சொன்னீங்களா, இல்லைன்னு சொன்னீங்களா? அதைத்தான் கேக்கறோம்."

"நல்லா செய்யறார்னுதான் சொன்னேன். விலைவாசி ஏறினதுலேருந்து ஊர்ல நிறைய ஊர்வலம் நடக்குதுங்க. ஊர்வலம் போனா ரெண்டு கடை ஜன்னலாவது உடையுது. எனக்கு ராத்திரி பகலா வேலை, மூச்சு விட நேரமில்லை. அந்தக் களைப்புல பேசியிருப்பேன். அவரு இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்."

மேடம் ஃபோனை வைத்தார். பெரியக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் நம்பியிருந்த காது.

அடுத்தது ஓர் அம்மாளின் குரல். சிரிப்பும் கலகலப்புமாக, "பரவால்லம்மா, பரவால்ல" என்றது. இது நன்றுதான் என்று சதவீதம் சொன்னார். காது தவறிய வெட்கத்தில் பெரியக்காவும் ஆமாம் என்றார். அந்த அம்மாளையும் அழைத்தார்கள்.

"அம்மா, போன வாரம் நீங்க சொன்னப்போ..."

"அதுங்களா. அப்ப என் தங்கச்சி வீட்டுக்காரர் பக்கத்துல இருந்தார். அவர் அந்தக் கட்சியில இருக்கார்."

"அப்படின்னா உங்க உண்மையான கருத்து என்னம்மா?"

"இப்பவும் பக்கத்துலதான் இருக்கார்" என்று அந்த அம்மாள் முன்போலவே சிரித்தார்.

மூன்றாவது ஆள் கேள்வியை முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏன், ஆளு மாறிட்டாரா?" என்று கேட்டார். இல்லை என்றதும், "அப்ப எதுக்கு மறுபடி கேக்கறீங்க" என்று வைத்துவிட்டார்.

மேடம் பதிவுகளை நிறுத்தினார். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். "உங்க காதும் தப்பு, எங்க சீட்டும் தப்பு" என்றார். "ஆனா சீட்டு எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி தப்பு. போன மாசத்தையும் இந்த மாசத்தையும் வெச்சுப் பாக்கவாவது உதவும். உங்க காது உங்ககிட்ட மட்டும்தானே இருக்கு."

பெரியக்காவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

"நடுவுல மறுபடி ஒரு பட்டன் வெச்சா என்ன மேடம்?" என்று சதவீதம் கேட்டார்.

"கேட்டுப் பாத்தாச்சு. பேப்பர்காரங்க ஒத்துக்கல." மேடம் தோல்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இவங்க இருக்கட்டுமா வேண்டாமான்னு நான் இதுல எழுதி அனுப்பணும். மேற்பார்வையாளரைக் கேட்டு எழுதணும்னு விதி. நீங்க எழுந்து போக வேணாம்மா, உக்காருங்க. தம்பி, சொல்லுங்க. இவங்க வேலை எப்படி? மிக நன்று, நன்று, மோசம், மிக மோசம்."

"பரவாயில்லைங்க மேடம்" என்றார் சதவீதம்.

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. காது மடல் சிவந்தது. மேடம் சிரிக்கவில்லை. எதையும் எழுதவுமில்லை, மறுபடி கேட்கவுமில்லை. பேனாவைத் தாளுக்கு ஒரு விரல்கடை மேலே பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார். அறையில் கூண்டுகளிலிருந்து மிக நன்று, நன்று, மோசம் என்று முணுமுணுப்பு வந்துகொண்டிருந்தது. கீழே தெருவில் யாரோ லாரியிலிருந்து இரும்புக் கம்பிகளை இறக்கினார்கள். சதவீதம் கூரையைப் பார்த்தார், பெரியக்காவைப் பார்த்தார், தன் மேஜையில் இருந்த ஸ்டேப்ளரைத் திருப்பி வைத்தார். பேனா அசையவில்லை. பெரியக்கா அந்தப் பேனாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த வீட்டின் முழுச் சம்பளம் அதன் முனையில் நின்றது.

"மெதுவாத்தான் செய்யறாங்க மேடம்" என்று கடைசியில் ஆரம்பித்தார் சதவீதம். "நாள் கணக்கு முடிக்கறதுல எப்பவும் கடைசி. சொன்னா உடனே கேக்கவும் மாட்டாங்க. ஆனா இந்த ரூம்ல எல்லார் லைன்லயும் ஜனங்க பாதியில வெச்சுட்டுப் போறாங்க, திட்டிட்டு வெக்கறாங்க. இவங்க லைன்ல அது கிடையாது. கடைசிக் கேள்வி வரைக்கும் நிக்கறாங்க. நன்றுன்னு போடுங்க."

"எத்தனை சதவீதம் நிச்சயம்?"

"போடுங்க மேடம்."

மேடம் எழுதினார். பிறகு பெரியக்காவின் பக்கம் திரும்பினார். "இனிமே பரவாயில்லைக்கு அஞ்சாவது பட்டன் கிடையாது. ஒரு தடவை மறுபடி கேளுங்க. அப்பவும் அதையே சொன்னா நன்று. அடுத்த தடவை நான் வர மாட்டேன், கடிதம்தான் வரும். புரியுதாம்மா?"

"புரியுதுங்க மேடம்."

"இந்த அட்டையையெல்லாம் கழட்டுங்க தம்பி. மூக்கு அடைக்குது" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஊருக்குப் போனார்.

மறுநாள் காலை பெரியக்காவின் ஹெட்ஃபோனில் வந்தது சைக்கிள் ரிப்பேர்க் கடைக்காரர் ஒருவர். காற்றடிக்கும் சத்தத்துக்கு நடுவே சோப்பைப் பற்றியும் காப்பீட்டைப் பற்றியும் பதில் சொன்னார். தலைவரைப் பற்றிக் கேட்டதும் காற்றடிப்பதை நிறுத்தச் சொல்லி யாருக்கோ கைகாட்டினார் போலிருக்கிறது, சத்தம் நின்றது.

"பரவாயில்லைங்க."

"நன்றுன்னு போடவா, மோசம்னு போடவா?" என்று பெரியக்கா மறுபடி கேட்டார். கேட்டுவிட்டுக் கையைப் பட்டன்களிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எத்தனை தடவை கேட்கலாம் என்று விதி இருந்தது. கேட்ட பிறகு எவ்வளவு நேரம் சும்மா இருக்கலாம் என்று விதி இல்லை.

மறுமுனையில் ஒரு இருமல். ஒரு மணியடித்தது, சைக்கிள் மணி. யாரோ பெடலைச் சுற்றினார்கள், அது சுற்றி ஓய்ந்தது.

"ஹலோ, லைன் கட்டாயிடுச்சா?"

"இல்லைங்க, இருக்கேன்."

"ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்களே."

"நீங்கதாங்க சொல்லணும்."

அவர் எழுந்து கடைக்குள் போவது கேட்டது. குரல் தணிந்து வந்தது.

"முன்ன ஜனங்க சைக்கிளை ரிப்பேருக்குக் கொண்டுவருவாங்க. இப்ப விக்கறதுக்குக் கொண்டுவர்றாங்க. நான் எத்தனையை வாங்கி அடுக்கறது, சொல்லுங்க? மோசம்னே போடுங்க. ஆனா மிக மோசம்னு போட்டுடாதீங்க. அவருக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, அதுக்குக் கொஞ்சம் இடம் விடணும்ல."

பெரியக்கா மூன்றாவது பட்டனை அழுத்தினார்.

அதற்குள் பக்கத்துக் கூண்டுப் பெண் இரண்டு ஆட்களை முடித்திருந்தாள். அன்றைக்கு மட்டுமல்ல, வாரம் முழுவதும் அப்படித்தான் போனது. சும்மா இருக்கும் நேரத்தில் சிலர் வைத்துவிட்டார்கள். சிலர் யோசித்து, "நன்றுன்னே போடுங்கம்மா, பாவம்" என்றார்கள். அந்த ஆசிரியர் மாதிரி விளக்கம் சொன்னவர்களும் உண்டு. சிலர் எவ்வளவு நேரம் விட்டாலும் பரவாயில்லையை விட்டு நகரவில்லை. அவர்களுக்குச் சீட்டின்படி நன்று விழுந்தது. பரவாயில்லைக்கு ஐந்தாவது பட்டனை அவர் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை சதவீதம் தாளோடு வந்தார். 'கருத்து இல்லை' மற்றவர்கள் அளவுக்கு இறங்கியிருந்தது. நன்றும் மோசமும் ஏறக்குறையச் சமமாக நின்றன. முடித்த ஆட்களின் கணக்கில் பெரியக்கா எல்லாருக்கும் கீழே இருந்தார். சதவீதம் இரண்டு முறை மேலும் கீழும் பார்த்தார்.

"விதிப்படி எல்லாம் சரியா இருக்கு அக்கா. ஆனா ஒவ்வொரு லைன்லயும் நீங்க பேசாம இருக்கற நேரம் தனியா வருது. என்ன செஞ்சுட்டு இருந்தீங்கன்னு நான் இந்தக் கட்டத்துல எழுதணும். மேலே கேப்பாங்க. என்னன்னு எழுதறது?"

"கேட்டுட்டு இருந்தேன்னு எழுதுங்க தம்பி."

சதவீதம் கொஞ்சம் யோசித்தார். பிறகு அப்படியே எழுதினார். கடிதம் எதுவும் வரவில்லை.